லிட்கம் கட்டடத்துக்கு வெள்ளக் காப்புறுதி கேட்டுப் போன கதை

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னர் எங்கள் அலுவலகத்துக்குப் புதிய கணினி வரைபடம் ஒன்று வந்தது. முகவரியைத் தட்டினால் போதும். வெள்ளம் ஏறக்கூடிய நிலமென்றால் திரையில் நீலம் பூசிக்கொள்ளும். அதைச் சொல்லிக்கொடுக்க வந்த இளம்பெண், "மனோ, இது இல்லாமல் இத்தனை வருடம் எப்படித்தான் சமாளித்தீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. "சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேரே போய்ப் பார்த்தோம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை.

அதற்குப் பிறகு அலுவலகத்துப் பிள்ளைகள் என்னை விடவில்லை. அந்த லிட்கம் கட்டடத்தின் கதையை எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். உழைத்துச் சேர்த்த பெருமையை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் வாடகை அறை, பரமட்டாவில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தட்டச்சு வேலை. அங்கிருந்து கோப்பு அறை, கோப்பு அறையிலிருந்து மாலை வகுப்பு, வகுப்பு முடிந்து பிணைப் பிரிவு. ஏறிய படிகளைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. கடன் கேட்பவர் நல்லவரா என்று பார்க்க வேறு பிரிவு இருந்தது. அவர் அடமானம் வைக்கும் வீடு நல்லதா என்று பார்ப்பது எங்கள் வேலை. நல்ல மனிதர்களும் தண்ணீரில் போகும் வீடுகளை வாங்குவார்கள்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் மிஸ்டர் ஹேய்ல். முதலாளியையே முதற்பெயர் சொல்லிக் கூப்பிடும் இந்த ஊரில், எங்கள் கட்டடத்திலேயே 'மிஸ்டர்' போட்டு அழைக்கப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். அப்படிக் கூப்பிடச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. காப்புறுதிப் பத்திரத்தை எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று எழுதியிருக்கும் பக்கங்களை முதலில் விரித்து, மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். "முன்பக்கம் விற்பவர் எழுதியது, பின்பக்கம் வழக்கறிஞர் எழுதியது" என்பார். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர் கிடையாது. கோப்பை மூடி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "தண்ணீர்?" என்று மட்டும் கேட்பார். அதற்குப் பதில் இல்லாவிட்டால் கோப்பு நம் மேசைக்குத் திரும்பிவிடும்.

அவர் வடக்கே ஒரு ஆற்றங்கரைப் பட்டணத்தில் வளர்ந்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "எங்கள் வீட்டுப் பியானோ வீதியில் மிதந்து போனதைப் பார்த்தேன். பியானோவுக்குக் காப்புறுதி இருந்தது. ஆற்றுக்கு இருக்கவில்லை." சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காலத்துப் பத்திரங்களில் தண்ணீர் இரண்டு வகை. மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தால் அது புயல் சேதம், பணம் கிடைக்கும். அதே மழை ஓடையை நிரப்பி, ஓடை கரை மீறி வாசலால் வந்தால் அது வெள்ளம். பெரும்பாலான பத்திரங்களில் வெள்ளத்துக்கு ஒரு சதமும் கிடையாது. நனைந்த சுவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பத்திரத்துக்குத் தெரியும்.

தனி வீடென்றால் சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து, வெள்ளத்தையும் சேர்த்து வாங்கு என்று சொல்லலாம். மாடிக்கட்டடம் அப்படியில்லை. யூனிட் வாங்குபவருக்கு உள்ளறைகள்தான் சொந்தம். சுவர், கூரை, படிக்கட்டு, நிலம் எல்லாம் அத்தனை உரிமையாளருக்கும் பொது. கட்டடத்துக்கு ஒரே காப்புறுதி, அதையும் எல்லாரும் கூட்டம் கூடித்தான் தீர்மானிப்பார்கள். பராமரிப்புக்கு எல்லாரும் கட்டும் 'லெவி'யிலிருந்து அதற்குப் பணம் போகும்.

அதனால் மாடிக்கட்டடத்துக்கென்று மிஸ்டர் ஹேய்ல் தனி முறை வைத்திருந்தார். காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கம் பார்க்க வேண்டும். அது வெள்ளம் ஏறும் நிலமா என்று உள்ளூராட்சிக் கவுன்சிலிடம் எழுதி வாங்க வேண்டும். அதன் பிறகு நேரில் போய் வாகனத் தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். போனால் சுவரைப் பார்க்கச் சொல்லமாட்டார். சுவருக்கு வர்ணம் அடித்து மறைத்துவிடுவார்களாம். மின்சாரப் பெட்டியைப் பார்க்கச் சொல்வார். "நெஞ்சு உயரத்தில் இருந்தால் சாதாரணக் கட்டடம். தலைக்கு மேலே இருந்தால், யாரோ ஒருவர் ஒருநாள் பயந்திருக்கிறார்."

வெள்ள நிலத்தில் இருக்கும் மாடிக்கட்டடத்தின் காப்புறுதியில் வெள்ளமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே புதிய கடன் கிடையாது என்று எங்கள் நிறுவனம் விதி கொண்டுவந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். விதி வந்த சில மாதங்களிலேயே ஜெயந்தியின் கோப்பு என் மேசைக்கு வந்தது.

ஜெயந்தி முதியோர் இல்லத்தில் தாதி. கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். லிட்கமில் ஓடைக்குப் பக்கத்தில் செங்கல் கட்டடம் ஒன்று. மூன்று மாடி, பதினெட்டு யூனிட். அதன் கீழ்த்தளத்தில் ஒரு யூனிட்டை வாங்கக் கேட்டிருந்தார். எங்கள் கிளை அலுவலகம் கொள்கையளவில் சம்மதம் என்று சொல்லியிருந்தது. அதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முற்பணத்தையும் கட்டிவிட்டார். இனிப் பின்வாங்கினால் அந்த முற்பணம் போய்விடும். அது அவர் பல வருடம் இரவு வேலை செய்து சேர்த்தது. இதற்கிடையில் நம் ஆட்கள் செய்யும் வேலையையும் செய்திருந்தார். ஐயரிடம் போய்ப் பால் காய்ச்ச நாளும் குறித்து, ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

நான் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். பத்திரத்தின் பின்பக்கத்தில் வெள்ளம் விலக்கப்பட்டிருந்தது. கவுன்சில் அது வெள்ள நிலம்தான் என்றது. மின்சாரப் பெட்டியை எட்ட எனக்கு ஏணி வேண்டியிருந்தது. ஜெயந்திக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அக்கா, அப்ப நான் என்ர யூனிட்டுக்கு மட்டும் வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கேலாதோ?"

"ஏலாது ஜெயந்தி. சுவர் உங்கடை மட்டும் இல்லை, பதினெட்டுப் பேரின்ரையும். அவை எல்லாரும் சேந்துதான் எடுக்கோணும்."

"எனக்கு இன்னும் அங்கை வோட்டுக் கூட இல்லையே."

அதுதான் சிக்கல். வாங்கினால்தான் வாக்கு. வெள்ளம் சேர்ந்தால்தான் வாங்கலாம்.

நான் விசாரித்ததில், வெள்ளத்தையும் சேர்த்துத் தருவதற்கு ஒரு காப்புறுதி நிறுவனம் சம்மதித்தது. கட்டணம் கூடும், ஆனால் தாங்கக்கூடிய கூடுதல்தான். கட்டடத்தின் நிர்வாக அலுவலர் அதைத் தீர்மானமாக எழுதிக் கூட்டத்துக்கு நாளும் வைத்தார். வைத்துவிட்டு, "தோற்றுப்போகும்" என்றும் சொன்னார். "மிஸ்டர் நாயகத்திடம் எப்போதும் ஒரு பை நிறைய ப்ராக்ஸி இருக்கும்."

ப்ராக்ஸி என்றால், எனக்குப் பதிலாக இவர் வாக்களிப்பார் என்று எழுதிக் கொடுக்கும் தாள். மிஸ்டர் நாயகம் என்பவர் நம் இராசநாயகம் அண்ணை, தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தில் முதல் யூனிட் வாங்கிய தமிழர் அவர், உரிமையாளர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். அவர் வாங்கினார் என்று மைத்துனர் வாங்கினார், மைத்துனரின் சிநேகிதர் வாங்கினார், சிநேகிதரின் சகலன் வாங்கினார். எல்லாரையும் கடனுக்கு எங்கள் நிறுவனத்திடமே கூட்டிவந்தவரும் அவர்தான். பள்ளிக்கூடப் படிவம் முதல் குழாய் உடைப்பு வரை அந்தச் சனத்துக்கு எல்லாம் அவர். கூட்டம் ஆங்கிலத்தில், தங்களுக்கோ ஷிப்ட் வேலை என்று ஒவ்வொரு வருடமும் தாளில் கையெழுத்து வைத்து அவரிடம் கொடுத்துவிடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அவரைப் பார்க்கப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்து, மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் மறுத்தார்.

"தங்கச்சி, இந்த றோட்டிலை ஆகக் குறைஞ்ச லெவி எங்கட பில்டிங்கிலைதான். அது தானா வந்ததெண்டு நினைக்கிறீரோ? நான் மல்லுக்கட்டிக் குறைச்சது."

"வெள்ளத்தை வெட்டித்தானே அண்ணை குறைச்சனீங்கள்?"

"பின்னை? நான் இங்கை வந்து எத்தினை வருசம்! உந்த ஓடையை எனக்குத் தெரியாதோ? வாத்து நீந்தவே அதுக்குள்ளை தண்ணி காணாது."

"அப்ப ஜெயந்தி?"

அவர் முகம் வாடியது. அவர் கல்நெஞ்சர் இல்லை. "பாவம்தான். ஆனா ஒரு ஆளுக்காகப் பதினெட்டுப் பேரின்ர தலையிலை செலவை ஏத்தேலாது" என்றார்.

அந்த வாக்கியம்தான் எனக்கு வழி காட்டியது. ரயிலில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஜெயந்தியின் கடன் புதியது, அதனால் விதி அதைத் தடுக்கிறது. அண்ணை கூட்டிவந்த பழைய கடன்கள்? விதி வருவதற்கு முன் கொடுத்தவை என்பதால் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அலுவலகம் போய்ப் பார்த்தேன். அதே கட்டடத்தில் எங்களுக்குப் பதினொரு அடமானங்கள் இருந்தன.

மறுநாள் மிஸ்டர் ஹேய்ல் கோப்பை மூடி வழக்கம்போலக் கேட்டார். "தண்ணீர்?"

"ஜெயந்திக்கு மறுத்துவிட்டால் ஒரு கடன் தப்பும். மற்றப் பதினொன்றும் அதே ஓடைக்கரையில்தான் நிற்கின்றன" என்றேன். பிறகு மாடிக்கட்டடங்களின் பொதுச்சொத்துக்கான ஸ்ட்ராட்டா சட்டத்தில் நான் மடித்து வைத்திருந்த பக்கத்தை விரித்தேன். காப்புறுதி பற்றிய தீர்மானத்தில் அடமானம் வைத்திருக்கும் நிறுவனம் தானே வாக்களிக்கலாம். அப்படி வாக்களித்தால் அந்த வீட்டுக்காரரின் வாக்குச் செல்லாது. முன்னுரிமை வாக்கு என்று அதற்குப் பெயர். சட்டத்தில் இருந்தது. எங்கள் நிறுவனத்தில் யாரும் பயன்படுத்தியதில்லை.

அவர் அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நாங்கள் கடன் கொடுப்பவர்கள், மனோ. வீட்டுக்காரர்கள் இல்லை."

"தெரியும்."

"அந்தப் பெண் உங்கள் உறவா?"

"இல்லை. கோயிலில் கண்டிருக்கிறேன். வேலைச் சீருடையோடு வந்து நின்றபடியே தூங்குவார்."

அதையும் அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டார். பிறகு முறைகளைச் சொன்னார். பதினொரு வீட்டுக்காரருக்கும் கூட்டத்துக்கு முன்னரே எழுத்தில் அறிவிக்க வேண்டும், அது சட்டம். தபாலில் போடக்கூடாது, கையில் கொடுத்து அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், அது அவருடைய சட்டம். எங்கள் நிறுவனத்தின் வாக்குத் தாள்கள் ஒட்டிய உறையில் இருக்கும். "அவர்கள் பேசி முடிக்கும்வரை உறையைத் திறக்காதீர்கள். திறக்க வேண்டி வந்தால் தயங்காதீர்கள்."

பதினொரு கதவுகளையும் தட்டினேன். பிள்ளைகள் திறந்து, பாங்கிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் உள்ளே கத்துவார்கள். பெரியவர்கள் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு பயந்து வருவார்கள். டாக்சி ஓட்டும் சிறி என்பவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அண்ணையிட்டைக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டனே அக்கா."

"என்னத்துக்கு வைச்சனீங்கள் எண்டு தெரியுமோ?"

"லெவி கூடாது எண்டவர். வைச்சன்." பிறகு திடுக்கிட்டு, "நில்லுங்கோ, அப்ப என்ர வீட்டுக்கு பாங்க் வோட்டுப் போடப்போகுதோ?" என்றார்.

"சட்டம் இடம் குடுக்குது. ஆனா நீங்கள் நேரை வந்தால், முதல் உங்களைத்தான் கேப்பன்."

"நான் வாறன்" என்றார். கோபத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்தக் கோபம் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கூட்டம், வாகனத் தரிப்பிடத்தில். வழக்கமாக நிர்வாக அலுவலர், அண்ணை, இன்னும் இரண்டு பேர் வருவார்களாம். அன்று பதினொரு வீட்டாரும் வந்துவிட்டார்கள். கதிரை போதாமல் ஆட்கள் கார்களில் சாய்ந்து நின்றார்கள். மூன்றாம் மாடிச் சீனத்து மூதாட்டி மடக்குக் கதிரையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். ஜெயந்திக்குப் பேச உரிமையில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு நின்றார். அண்ணை தன் பையோடு வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். உரியவர் நேரில் வந்துவிட்டால் ப்ராக்ஸிக்கு மதிப்பில்லை. பையிலிருந்த தாள்கள் எல்லாம் அவர் கண்முன்னாலேயே செத்துப்போயின.

அவர் என் மேல்தான் பாய்ந்தார். "எங்கட வீட்டுக்கு பாங்க் வோட்டுப் போடுறதோ? என்ர வீட்டிலை உங்களுக்கு ஒரு செங்கல்லும் இல்லை, தெரியுமோ? நான் முழுக்கக் கட்டி முடிச்சவன்!"

"தெரியும் அண்ணை. உங்கட வோட்டை ஒருத்தரும் தொடேலாது" என்றேன். உறையை எல்லாரும் பார்க்க ஒரு காரின் முன்மூடியில் வைத்தேன். "இதுக்குள்ளை எங்கட வோட்டுகள் இருக்கு. முதல் நீங்கள் கையைத் தூக்குங்கோ. அது முடியுமட்டும் இதைத் திறக்கமாட்டன்."

சிறி கேட்டார். "நான் மூண்டாம் மாடி அக்கா. வெள்ளம் எனக்கு என்னெண்டு வரும்?"

"தண்ணி உங்கட மாடிக்கு வராது. பில் வரும். கீழ்ச்சுவர் போனால், கரண்ட் போனால், திருத்துற செலவு பதினெட்டுப் பேருக்கும்தான்."

நான் தலைக்கு மேலே கையைக் காட்டினேன். "அந்த மின்சாரப் பெட்டியைப் பாருங்கோ. ஏன் அதை ஏணி வைச்சு எட்டுற உயரத்திலை பூட்டினவை எண்டு ஆராவது யோசிச்சனீங்களோ?"

எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. அண்ணையும் பார்த்தார். இத்தனை வருடம் அந்தப் பெட்டிக்குக் கீழேதான் அவர் தன் காரை நிறுத்தி வந்தார்.

நிர்வாக அலுவலர் ஆங்கிலத்தில் தீர்மானத்தை வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். முதலில் உயர்ந்தது அந்தச் சீனத்து மூதாட்டியின் கை. அடுத்தது சிறியின் கை. பிறகு யார் யார் என்று என்னால் எண்ண முடியவில்லை, எண்ணியது அலுவலர். தீர்மானம் நிறைவேறியது. அண்ணை கையைத் தூக்கவில்லை. ஆனால் செயலாளர் என்ற முறையில் முடிவை அவர்தான் எழுத வேண்டும். குண்டு குண்டான எழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினார்.

ஆட்கள் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். காரின் மேல் இருந்த உறையைப் பார்த்தபடி, "இதைத் திறந்திருப்பீரோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார். அவரிடம் பொய் சொல்லாமல் விட்டதை நினைத்து இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

புதிய காப்புறுதிப் பத்திரம் வந்ததும் மிஸ்டர் ஹேய்ல் அதைப் பின்பக்கத்திலிருந்து வாசித்தார். விலக்குகளில் வெள்ளம் இல்லை. ஜெயந்தியின் கடன் காசோலைக்கு ஒப்புதல் போட வேண்டிய இடத்தில் அவர் கையெழுத்திடவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார். அன்றுவரை அந்த இடத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நேராகவே விழுந்தது.

ஐயர் குறித்த நாளுக்கு முன்தினம் ஜெயந்தி தொலைபேசி எடுத்தார். "அக்கா, திறப்பு கையிலை" என்றார். சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ வீடுகளுக்குக் கடன் போக வழிவிட்டிருக்கிறேன், அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் எந்த அறை யாருக்கு என்று சண்டை பிடிப்பது தொலைபேசியிலேயே கேட்டது.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். "பிறகு வெள்ளம் வந்ததா?" நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை. "அப்படியென்றால் எல்லாம் வீண்தானே?" என்று ஒரு கெட்டிக்காரன் கேட்டான். கார் பெல்ட் போட்டுக்கொண்டு பத்திரமாக வீடு போய்ச் சேருகிற ஒவ்வொரு நாளும் பெல்ட் வீண் என்று சொல்வாயா என்று கேட்டேன்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கான அறிவித்தல் எங்கள் நிறுவனத்துக்கும் வந்தது. அந்தக் கட்டடத்தில் எங்கள் அடமானங்கள் இப்போது பன்னிரண்டு. காப்புறுதியைப் புதுப்பிப்பதுதான் முதல் விடயம். அச்சடித்த ஆங்கிலத்துக்குக் கீழே, குண்டு குண்டான தமிழ் எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'வெள்ளத்தையும் சேர்த்துத்தான் புதுப்பிக்கிறம். தங்கச்சி வரத் தேவையில்லை, நாங்கள் எல்லாரும் வந்திருப்பம்.'

என்ன எழுதியிருக்கிறது என்று மிஸ்டர் ஹேய்ல் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் போகாதீர்கள்" என்றார்.

நான் போகவில்லை. எத்தனையோ கூட்டங்களுக்குப் போய் வந்திருக்கிறேன். போகாமல் விட்டதற்காக நான் பெருமைப்படுவது அந்த ஒரு கூட்டத்துக்குத்தான்.